பிரேசில் வரைபடத்தைத் துப்பி மொழி வழியாகப் படிப்பது எப்படி?

படிக்கவோ வேலைக்கோ பிரேசிலுக்குப் போகிறவர்களும் சரி, கால்பந்து பார்த்தே அந்த நாட்டு ஊர்களை அறிந்தவர்களும் சரி, முதலில் திணறுவது ஊர்ப்பெயர்களில்தான். பிந்தமொன்யங்காபா, கரகுவாதத்துபா, பரனாப்பியாக்காபா. போர்த்துக்கீசிய மொழியை ஓரளவு கற்ற பிறகும் இந்தப் பெயர்கள் பிடிபடாது. ஏனென்றால் இவை போர்த்துக்கீசியம் இல்லை, துப்பி. 1500-இல் போர்த்துக்கீசியக் கப்பல்கள் வந்து சேர்ந்தபோது அந்த நீண்ட கடற்கரையின் பெரும்பகுதியில் பேசப்பட்ட மொழி அது.

இந்தப் பெயர்களை நீங்களே பிரித்துப் படிக்கப் பழகுவதற்காகத்தான் இந்தக் கட்டுரை. மொழியியல் பயிற்சி எதுவும் வேண்டாம். இருபது, இருபத்தைந்து சொற்களும் ஒரு நல்ல வரைபடமும் கொஞ்சம் சந்தேகப்படும் குணமும் இருந்தால் போதும். சந்தேகம் எதற்கு என்றால், துப்பிப் பெயர் பெரும்பாலும் நிலத்தைப் பார்த்து வைத்த பெயர். ஆற்றின் நிறம், பாறையின் வடிவம், எந்த மீன் எங்கே கிடைக்கும் என்பதெல்லாம் அதில் இருக்கும். ஆகவே நாம் கண்டுபிடித்த பொருள் சரிதானா என்று அந்த நிலத்தோடு ஒட்டிப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். அகராதியை மட்டும் நம்பி இறங்கினால் வழி தப்பும்.

முதல் படி: எந்தத் துப்பி என்று தெரிந்துகொள்ளுங்கள்

துப்பினம்பா, துப்பினிக்கின், பொத்திகுவாரா முதலிய கடற்கரை மக்கள் 16ஆம் நூற்றாண்டில் பேசியதைப் பழைய துப்பி என்கிறார்கள். இயேசு சபைத் துறவி ஜோசே தெ அன்ஷியெத்தா அதற்கு எழுதிய இலக்கணம் 1595-இல் போர்ச்சுகலின் கோயிம்பிரா நகரில் அச்சானது. இதே சபையைச் சேர்ந்த அன்றிக் அடிகளார் நம் முத்துக்குளித்துறையில் தமிழ் கற்று, 1578-இல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கத்தை அச்சேற்றியதும் ஏறத்தாழ அதே காலம்தான்.

குடியேறியவர்களும் அவர்களுடைய கலப்புக் குடும்பங்களும் பேசப்பேச, துப்பி மெல்ல மாறி 'பொது மொழி' ஆயிற்று. தெற்கே சாவோ பாவுலோவில் ஒன்று, வடக்கே அமேசானில் ஒன்று. தெற்கத்தியது வழக்கொழிந்தது. வடக்கத்தியது நியெங்கத்து என்ற பெயரில் இன்றும் உயிரோடு இருக்கிறது. 'நல்ல மொழி' என்பது அந்தப் பெயரின் பொருள். அமேசானாஸ் மாநிலத்தின் சாவோ கப்ரியேல் தா கஷோயெய்ரா ஊராட்சியில் 2002 முதல் அது போர்த்துக்கீசியத்தோடு சேர்ந்த ஆட்சிமொழி. பிரேசில் அரசியல் சட்டமே 2023-இல் நியெங்கத்துவில் மொழிபெயர்க்கப்பட்டது. ஆகவே துப்பியைச் செத்த மொழி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பரைபா மாநிலத்துப் பொத்திகுவாரா கிராமங்களில் பிள்ளைகளுக்குப் பழைய துப்பியை மறுபடி கற்றுக்கொடுக்கிறார்கள்.

தெற்கிலும் பராகுவேயிலும் பேசப்படும் குவாரனி, துப்பிக்கு உடன்பிறந்த மொழி. வேர்ச்சொற்கள் பல அப்படியே ஒத்துப்போகும். அதனால் தொடக்கத்தில் இரண்டையும் பிரித்துப் பார்த்துக் குழம்ப வேண்டியதில்லை.

1757-58இல் போர்ச்சுகல் அமைச்சர் பொம்பால் கொண்டுவந்த ஆணைகள், பழங்குடி ஊர்களில் போர்த்துக்கீசியம் மட்டுமே பேச வேண்டும் என்று விதித்தன. அதற்குள் ஊர்ப்பெயர்களும் ஆற்றுப்பெயர்களும் நிலப்பத்திரங்களிலும் கோயில் ஏடுகளிலும் ஏறிவிட்டிருந்தன. நாம் படிக்கப்போவது அப்படித் தங்கிவிட்ட பெயர்களைத்தான்.

இரண்டாம் படி: ஒரு உயிரெழுத்தைக் காதில் ஏற்றிக்கொள்ளுங்கள்

துப்பியில் போர்த்துக்கீசியருக்குப் பழக்கமே இல்லாத ஒரு உயிரொலி உண்டு. அது இகரமும் இல்லை, உகரமும் இல்லை. தமிழருக்கு அது அவ்வளவு அந்நியம் இல்லை. 'காது', 'பாட்டு' என்று சொல்லும்போது கடைசியில் இதழ் குவியாமல் வருகிற குற்றியலுகரம் அதற்கு மிகப் பக்கத்தில் நிற்கிறது. துப்பியில் தண்ணீருக்கும் ஆற்றுக்கும் உரிய சொல்லே அந்த ஒற்றை ஒலிதான்.

அதைக் கேட்ட போர்த்துக்கீசியர் ஓரிடத்தில் 'இ' என்று எழுதினார்கள், இன்னோரிடத்தில் 'உ' என்று எழுதினார்கள். இது தெரியாமல் வரைபடத்தைப் பார்ப்பவர் குரிட்டிபாவின் 'திபா'வும் உபாத்துபாவின் 'துபா'வும் வேறு வேறு என்று நினைப்பார். இரண்டும் ஒரே விகுதி. நடுவில் இருப்பது அந்த ஒலி. பெயரில் இகரமும் உகரமும் இடம் மாறி வந்தால் உடனே இந்த ஒலியை நினைத்துக்கொள்ளுங்கள். பாதிச் சிக்கல் அதிலேயே தீரும்.

மூன்றாம் படி: தண்ணீர், கல், மீன்

இந்த மூன்றிலிருந்து தொடங்குவதுதான் நல்லது. வரைபடத்தில் எங்கே கைவைத்தாலும் இவற்றில் ஒன்று கிடைக்கும்.

தண்ணீர், பெயரின் முன்னே வந்தால் 'இ' என்று நிற்கும். இகுவாசு என்றால் பெரிய நீர். அந்த அருவியைப் படத்தில் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. இப்பிரங்கா என்றால் செந்நீர். 1822 செப்டம்பர் 7 அன்று பிரேசிலின் விடுதலை முழங்கியது சாவோ பாவுலோவில் உள்ள இந்தச் சிற்றாற்றின் கரையில்தான். நாட்டுப்பண்ணின் முதல் வரியிலேயே அந்தப் பெயர் வருகிறது. தண்ணீர் கடைசியில் வந்தால் அழுத்தம் விழுகிற 'ஈ' ஆக முடியும். ஜக்கரே என்றால் முதலை, ஜக்கரெயீ முதலை ஆறு. தத்து என்றால் உடம்பெல்லாம் ஓடு போர்த்திய எறும்புதின்னி மாதிரி விலங்கு, தத்துயீ அதன் ஆறு. ஜுந்தியா ஒரு கெளுத்தி மீன், ஜுந்தியாயீ அந்த மீன் கிடைக்கும் ஆறு.

பெரிய ஆற்றுக்கும் கடலுக்கும் 'பரா'. அதே பெயரில் ஒரு மாநிலம் இருக்கிறது. 'பரனா' என்றால் கடல் போன்றது. பரனா ஆற்றைப் பார்த்தவர்கள் வைத்த பெயர். 'பரைபா' என்றால் கெட்ட ஆறு, அதாவது படகு விட முடியாதது. இங்கே 'பனேமா' என்ற சொல்லையும் சேர்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். ஒன்றுக்கும் உதவாதது, மீன் கிடைக்காதது என்று பொருள். அமேசான் பக்கம் வெறுங்கையோடு திரும்புகிற வேட்டைக்காரரை இன்றும் பனேமா என்கிறார்கள். சாவோ பாவுலோவுக்கும் பரனா மாநிலத்துக்கும் எல்லையாக ஓடுவது பரனாபனேமா ஆறு.

கல் என்றால் 'இத்தா'. இத்தாத்திங்கா வெள்ளைக் கல். இத்தாஊனா கருங்கல். இத்தாபெராபா மின்னும் கல். இரும்பு வந்த பிறகு அதையும் இத்தா என்றே அழைத்தார்கள்.

மீன் 'பிரா'. பிரான்ஹா என்று நமக்குத் தெரிந்த மீனின் பெயரில் முன்பாதி மீன், பின்பாதி பல். பிராப்போரா என்றால் மீன் துள்ளுமிடம். பிராசிக்காபா என்றால் மீன் வந்து சேருமிடம். இந்த ஊரைச் சற்று நிறுத்திப் பார்க்கலாம். ஊருக்கு நடுவே அதே பெயருள்ள ஆறு பாறைகளில் விழுந்து இறங்குகிறது. மழைக்காலத்தில் முட்டையிட ஆற்றை எதிர்த்து ஏறி வருகிற மீன்கள் அந்த இடத்தில் வந்து முட்டி நிற்கும். பெயர் வைத்தவர்கள் அதைக் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். மீன்கள் இப்படி ஏறி வருவதற்குப் 'பிரசேமா' என்று பெயர். இதுவும் துப்பிதான். நவம்பர் முதல் பிப்ரவரி வரை பல ஆறுகளில் மீன்பிடித் தடை உண்டு. அந்த அரசு ஆணைகளில் இன்றும் இதே சொல்தான் நிற்கிறது.

நான்காம் படி: விகுதியைப் பிடியுங்கள்

குளம், பட்டி, பாளையம் என்று முடிகிற பெயரைக் கேட்டதுமே அந்த ஊரைப் பற்றி நமக்கு ஏதோ ஒன்று புரிந்துவிடுகிறதே, துப்பியிலும் அப்படித்தான். பெயரின் வாலை முதலில் பிடித்தால் தலை தானாக வரும்.

'திபா' அல்லது 'துபா': ஒன்று மிகுதியாக இருக்குமிடம். குரிட்டிபா, ஊசியிலை மரங்கள் நிறைந்த இடம். அரவுக்காரியா என்ற குடை விரித்த மரம் அந்த நகரத்தின் அடையாளமாகவே இருக்கிறது. கரகுவாதத்துபா, கரகுவாதா என்ற முள்செடி மண்டிய இடம். அரசாத்துபா, அரசா என்ற கொய்யா இனப் பழம் நிறைந்த இடம். சில ஊர்களில் நடு ஒலி தேய்ந்து 'துவா' ஆகிவிடும். போய்த்துவா, பாம்புகள் நிறைந்த இடம். இன்று அந்த ஊருக்கு விமானத்திலிருந்து குதித்து விளையாட வருகிறார்கள்.

'அபா': ஒரு செயல் நடக்குமிடம். இதுதான் நீளமான பெயர்களின் சாவி. பிந்தமொன்யங்காபாவைப் பிரித்துப் பார்ப்போம். பிந்தா என்றால் தூண்டில் முள். மொன்யங் என்றால் செய்தல். அபா என்றால் இடம். தூண்டில் முள் செய்யுமிடம். ஊர் பரைபா தோ சுல் ஆற்றங்கரையில் இருப்பதால் பொருளும் பொருந்துகிறது. அடுத்தது பரனாப்பியாக்காபா. பரனா கடல். எப்பியாக் என்றால் பார்த்தல். மறுபடியும் அபா. கடல் தெரியுமிடம். சாவோ பாவுலோ மேட்டு நிலத்தின் விளிம்பில், சுமார் 800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது இந்த ஊர். மேட்டிலிருந்து கடற்கரைக்கு நடந்து போனவர்களுக்கு மலை சரியத் தொடங்குகிற அந்த இடத்தில்தான் முதன்முதலாகக் கடல் தெரியும். 1867-இல் திறந்த ரயில் பாதைக்காக ஆங்கிலேயக் கம்பெனி இங்கே குடியிருப்பு கட்டியது. பல நாட்கள் பனிமூட்டம் சூழ்ந்து கடல் தெரியாது. ஆனாலும் வானம் தெளிந்த நாளில் அங்கே நின்று பார்த்தால், பெயர் வைத்தவர் எந்தத் திசையில் பார்த்தார் என்பதுகூடத் தெரிந்துவிடும்.

'புவேரா': முன்பு இருந்து இப்போது இல்லாதது. 'தாபா' ஊர், 'தப்பேரா' பாழடைந்த ஊர். 'கா' காடு, 'கப்புவெய்ரா' வெட்டிய காடு மறுபடி முளைத்த புதர்நிலம். சாவோ பாவுலோவின் புகழ்பெற்ற பூங்கா இபிராப்புவேரா. 'இபிரா' மரம். ஆக, மரம் இருந்து பட்டுப்போன இடம். நகரத்தின் 400ஆம் ஆண்டையொட்டி 1954-இல் திறக்கப்பட்ட அந்தப் பூங்கா இப்போது மரங்கள் அடர்ந்து நிற்கிறது.

ஐந்தாம் படி: நிறமும் அளவும், எது முன் எது பின்

நிறங்களில் மூன்று போதும்: திங்கா வெள்ளை, ஊனா கறுப்பு, பிரங்கா சிவப்பு. அளவில் இரண்டு: குவாசு பெரியது, மிரிம் சிறியது. சாவோ பாவுலோ மாநிலத்தில் மோஜி குவாசுவும் மோஜி மிரிமும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். 'மிரிம்' அன்றாடப் பேச்சிலும் நுழைந்துவிட்டது. சிறுவர் அணியை மிரிம் அணி என்பார்கள், பாடுகிற குழந்தையை மிரிம் பாடகர் என்பார்கள்.

தமிழருக்கு ஒரே ஒரு இடத்தில்தான் இடறும். நாம் வெள்ளைக் கல் என்று அடைமொழியை முன்னே வைக்கிறோம். துப்பி அதைப் பின்னே வைக்கும், இத்தா முன்னே, திங்கா பின்னே. ஆனால் உடைமை உறவில் துப்பியும் நம் வழியே போகிறது. முதலை ஆறு என்று நாம் சொல்கிற அதே வரிசைதான் ஜக்கரெயீ. ஆக, பெயர்ச்சொல்லோடு பெயர்ச்சொல் சேர்ந்தால் தமிழ் வரிசை, நிறமோ அளவோ சேர்ந்தால் தலைகீழ்.

வடகிழக்குப் பிரேசிலின் வறண்ட நிலத்துக்குக் காத்திங்கா என்று பெயர். கா, திங்கா. வெண்காடு. கோடையில் இலையெல்லாம் உதிர்ந்து வெளிறிய கிளைகள் மட்டும் நிற்கும்போது பார்த்தால்தான் இந்தப் பெயரின் அருமை விளங்கும்.

ஆறாம் படி: துப்பிதானா என்று சோதியுங்கள்

ரியோ டி ஜெனீரோவில் மூன்று கடற்கரைகள் வரிசையாக இருக்கின்றன: கோப்பகபானா, இப்பனேமா, லெப்லோன். மூன்றுமே துப்பி மாதிரி ஒலிக்கும். எது துப்பி?

பழைய துப்பியில் 'ல' இல்லை, 'ஃப' இல்லை, அழுத்தமான 'ற்ற' இல்லை. 16ஆம் நூற்றாண்டுப் போர்த்துக்கீசிய எழுத்தாளர் கந்தாவோ இதைக் கவனித்துவிட்டு, நம்பிக்கை, சட்டம், அரசன் (போர்த்துக்கீசியத்தில் ஃபே, லெய், ரெய்) ஆகிய மூன்றுக்கும் உரிய முதலெழுத்துகள் இவர்களிடம் இல்லை, அதனால் அந்த மூன்றும் இவர்களிடம் இல்லை என்று எழுதினார். அந்த முடிவு அநியாயமானது. ஆனால் ஒலியைப் பற்றிய கவனிப்பு சரியானது, நமக்கு உதவக்கூடியது. லெப்லோனில் லகரம் இருக்கிறது. எனவே துப்பி இல்லை. அங்கே நிலம் வைத்திருந்த பிரெஞ்சுக்காரர் ஒருவரின் குடும்பப்பெயர் அது.

கோப்பகபானாவில் லகரமும் இல்லை, ஃபகரமும் இல்லை. சோதனையில் தேறிவிடுகிறது. இருந்தும் அது துப்பி இல்லை. பொலிவியாவின் தித்திக்காக்கா ஏரிக்கரையில் இருக்கிற மாதா கோயிலின் பெயர் அங்கிருந்து இங்கே வந்தது. அந்தக் கடற்கரைக்கு முன்பு இருந்த பெயர் சக்கோப்பெனாப்பா. ஆகவே இந்தச் சோதனை, துப்பி இல்லாததை ஒதுக்கத்தான் உதவும். ஒரு பெயர் துப்பிதான் என்று உறுதிசெய்ய உதவாது.

இப்பனேமா துப்பிதான். மீன் கிடைக்காத நீர். ஆனால் அந்தக் கடலைப் பார்த்து வைத்ததில்லை. சாவோ பாவுலோ பக்கம் இப்பனேமா என்றொரு இடம் உண்டு. அந்தப் பெயரில் பிரபு பட்டம் பெற்ற குடும்பம் ரியோவில் நிலம் வாங்கி மனை போட்டபோது பெயரும் கூடவே வந்தது. பெயரின் பொருள் சரியாக இருந்து நிலத்தோடு ஒட்டவில்லை என்றால், பெயர் வேறெங்கிருந்தோ இடம்பெயர்ந்ததா என்று பாருங்கள்.

தெற்கு மாநிலங்களில் இன்னொரு மொழி குறுக்கிடும். கயிங்காங் மக்களின் மொழியில் தண்ணீர் 'கோயோ', வெளி 'எரே'. பரனா மாநிலத்தில் கோயோஎரே என்ற ஊரும், சாந்தா கதரினாவில் ஷன்ஷெரே என்ற ஊரும் இருக்கின்றன. இவற்றைத் துப்பிச் சொற்களால் பிரிக்க முயன்றால் அபத்தமாகத்தான் முடியும்.

ஏழாம் படி: பெயர் வைத்தவர் யார்?

புதியவர்கள் செய்கிற பெரிய தவறு, துப்பிப் பெயர் இருக்கும் இடத்திலெல்லாம் துப்பி மக்கள் வாழ்ந்தார்கள் என்று முடிவு கட்டுவது. சாவோ பாவுலோவிலிருந்து அடிமைகளையும் பொன்னையும் தேடி உள்நாட்டுக்குள் போன கூட்டங்கள் பேசியது தெற்கத்திப் பொது மொழி. வழிகாட்டிகளும் சுமைதூக்கிகளும் அதையே பேசினார்கள். மினாஸ் ஜெராய்ஸ், கோயாஸ், மாட்டோ குரோசோ பகுதிகளில் வேறு மொழி பேசிய மக்களின் ஆறுகளுக்கு இவர்கள் துப்பிப் பெயர் வைத்துக்கொண்டே போனார்கள். பஹியாவில் அடிமைப் பெண்ணின் மகனாகப் பிறந்து பொறியாளராக உயர்ந்த தியோதோரோ சம்பாயோ, 1901-இல் துப்பி ஊர்ப்பெயர்கள் குறித்து வெளியிட்ட நூலில் இதை விளக்கியிருக்கிறார். ஓர் இடத்தில் அங்கேயே வாழ்ந்தவர்கள் வைத்த பெயர் மறைந்து, அவர்களைப் பிடிக்க வந்தவர்கள் வைத்த பெயர் நிலைத்திருக்கலாம். அதை மறந்துவிட்டுப் பெயரின் அழகை மட்டும் ரசிப்பது நியாயமில்லை.

இன்னொன்று, 20ஆம் நூற்றாண்டில் புதிதாகப் புனைந்த பெயர்கள். 1940களில் ஒரே பெயரில் பல ஊர்கள் இருக்கக் கூடாது என்று அரசு விதித்தபோது, பல ஊர்களுக்குத் துப்பிச் சொற்களைக் கோத்துப் பெயர் சூட்டினார்கள். பரனா மாநிலத்தின் உமுவாரமாவும் இப்படி நூலறிவால் உருவான பெயர்தான். ஊர் தோன்றிய ஆண்டைப் பார்த்தாலே இது பிடிபட்டுவிடும்.

எட்டாம் படி: பழைய எழுத்தைத் தேடுங்கள், இரண்டு விடையையும் வைத்துக்கொள்ளுங்கள்

சாவோ பாவுலோவுக்கு அருகே எம்பு என்ற ஊர் இருக்கிறது. இன்றைய எழுத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. பழைய ஆவணங்களில் 'ம்போய்' என்று இருக்கிறது. துப்பியில் பாம்புக்கு அதுதான் பெயர். நகரின் தெற்கே 'ம்போய் மிரிம்' என்ற நெடுஞ்சாலையில் பழைய எழுத்து இன்றும் மிஞ்சியிருக்கிறது. போர்த்துக்கீசியத்தில் 'போய்' என்றால் காளை. அதனால் ம்போய் மிரிமைக் கன்றுக்குட்டி என்று விளக்குகிறவர்கள் உண்டு. அது சின்னப் பாம்பு. மோஜியும் இதே வேர்தான், பாம்பு ஆறு.

சில பெயர்களுக்கு இரண்டு பிரிப்பு உண்டு, இரண்டும் பொருந்தும். ரியோக்காரர்களைக் கரியோக்கா என்பார்கள். கடைசியில் உள்ள 'ஒக்கா' வீடு என்பதில் சந்தேகமில்லை. முன்பாதி வெள்ளையரைக் குறிக்கிறதா, கரிஜோ என்ற மக்களைக் குறிக்கிறதா என்பதில் அறிஞர்கள் வேறுபடுகிறார்கள். உபாத்துபாவின் முன்பாதி அம்பு செய்யும் நாணலா, தோணியா என்பதிலும் அப்படியே. இத்தகைய இடங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அடித்துச் சொல்லாமல் இரண்டையும் குறித்து வைப்பதே நேர்மை. ஊராட்சிகளின் சுற்றுலாப் பலகைகள் பெரும்பாலும் காதுக்கு இனிமையானதைத்தான் தேர்ந்தெடுக்கும். சரிபார்க்க வேண்டுமானால் சாவோ பாவுலோ பல்கலைக்கழகப் பேராசிரியர் எடுவார்டு நவாரோ 2013-இல் வெளியிட்ட பழைய துப்பி அகராதியைத் தேடுங்கள். போர்த்துக்கீசியம் தெரிந்தால் போதும், ஊர்ப்பெயர் பட்டியலும் அதிலேயே உண்டு.

ஒன்பதாம் படி: சந்தையிலும் பேச்சிலும் பழகுங்கள்

வேர்ச்சொற்கள் மனதில் நிற்க வேண்டுமானால் வரைபடம் மட்டும் போதாது. காய்கறிச் சந்தைக்குப் போங்கள். மந்தியோக்கா மரவள்ளி, அதன் மாவில் செய்வது தப்பியோக்கா. மரக்குஜா, பித்தங்கா, கஜு எல்லாம் துப்பி. கஜு என்பது முந்திரி. போர்த்துக்கீசியர் மரத்தோடு பெயரையும் கொண்டுவந்ததால் இலங்கைத் தமிழர் இன்றும் கஜு என்கிறார்கள். நம் அன்னாசியும் துப்பி-குவாரனிக் குடும்பத்து 'நனா' போர்த்துக்கீசியர் வாயில் அனனாஸ் ஆகி நம்மிடம் வந்ததுதான். பிரேசில்காரர்கள் அதற்குச் சொல்வது அபகஷி. அதுவும் துப்பி, மணம் வீசும் பழம் என்று பொருள்.

சோளப்பொரி பிப்போக்கா, தோல் வெடித்தது. சின்னம்மை கத்தப்போரா, அதில் 'தத்தா' என்ற நெருப்பு இருக்கிறது. தொணதொணப்புக்கு நியென்யென்யேம், பேசு பேசு பேசு. காப்பிபாரா என்ற பெரிய கொறிவிலங்கின் பெயருக்குப் பொருள் புல் தின்னி. அதில் 'குவாரா' என்றால் உண்பது. இறால் உண்போர் பொத்திகுவாரா. இந்தக் குவாராவை, கடைசியில் அழுத்தம் விழுகிற குவாராவோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அது செவ்வரிவாள் மூக்கன் பறவை.

சாவோ பாவுலோவில் இருப்பவர்கள் மெட்ரோவிலேயே பயிற்சி செய்யலாம். 1974-இல் ஓடத் தொடங்கிய முதல் பாதையின் ஒரு கோடி துக்குருவி, பச்சை வெட்டுக்கிளி. மறுகோடி ஜபாக்குவாரா, தப்பி ஓடியவர்களின் மறைவிடம். மூன்றாம் பாதையில் தத்துவாப்பே, அந்த ஓட்டு விலங்கின் தடம். அதன் கடைசி நிலையம் இருப்பது இத்தாக்கேரா. 2014 உலகக் கோப்பையின் முதல் ஆட்டம் நடந்த பகுதி. உறங்கும் கல் என்கிறார்கள் சிலர், பழைய கல் என்கிறார்கள் சிலர். நான்காம் பாதையில் புத்தந்தா, இறுகிய மண்.

பத்தாம் படி: ஒரு சாலைப் பயணம்

சாவோ பாவுலோவிலிருந்து ரியோவுக்குப் போகும் துத்ரா நெடுஞ்சாலை நல்ல பரீட்சை. வழிப்பலகைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டே போங்கள். ஜக்கரெயீ உங்களுக்கு இப்போது தெரியும். கசப்பாவா, காட்டைக் கடக்குமிடம், அபாதான் இங்கே 'வா' ஆகியிருக்கிறது. தவுபத்தேயில் முன்னே நிற்பது தாபா, ஊர். உயரமான ஊரா, உண்மையான பெரிய ஊரா என்பதில் இரண்டு கருத்து. அப்புறம் பிந்தமொன்யங்காபா.

குவாரத்திங்கெத்தா சற்றுக் கடினம். நடுவில் திங்கா, வெள்ளை. கடைசியில் 'எத்தா', பல. முன்பாதியைச் செவ்வரிவாள் மூக்கன் என்று எடுத்தால் வெள்ளையான சிவப்புப் பறவை என்று முரணாகிவிடும். அங்கே இருப்பது 'குவிரா', பொதுவாகப் பறவை. வெள்ளைப் பறவை என்றால் கொக்கு. கொக்குகள் நிறைந்த இடம். பக்கத்திலேயே பரைபா தோ சுல் ஆறு.

ரியோ மாநிலத்துக்குள் நுழைந்ததும் இத்தாத்தியாயா. இத்தா முன்னே நிற்கிறது, மீதி கூர்முனைகள். கார் கண்ணாடி வழியே இடப்பக்கம் மலையைப் பாருங்கள். 1937-இல் அமைந்த பிரேசிலின் முதல் தேசியப் பூங்கா அது. உச்சிக்குப் போர்த்துக்கீசியப் பெயர் 'கரிய ஊசிகள்'. துப்பிக்காரரும் போர்த்துக்கீசியரும் தனித்தனியே பார்த்து ஒன்றையே சொல்லியிருப்பதால் இந்தப் பொருளில் ஐயமில்லை. மலையிறக்கத்துக்கு முன்னால் பிராயீ வரும், மீன் ஆறு. இறக்கத்தின் பெயர் அராராஸ் மலை. அராரா பஞ்சவர்ணக்கிளி.

ரியோவை நெருங்கும்போது நோவா இகுவாசு. நோவா என்றால் போர்த்துக்கீசியத்தில் புதியது. பெரிய நீரைத் தேடி நகரத்துக்குள் அலையாதீர்கள். பழைய ஊர் இகுவாசு ஆற்றங்கரைத் துறையாக இருந்தது. ரயில் வந்த பிறகு வியாபாரம் நிலையத்தைச் சுற்றி நகர, ஊராட்சித் தலைமையிடமும் பெயரும் அங்கே போய்விட்டன. ஆற்றைப் பார்க்க வேண்டுமானால் வடக்கே பழைய இகுவாசுவின் இடிபாடுகள் இருக்கும் பக்கம் திரும்ப வேண்டும்.